ஐந்தாவது மணிக்குள்: மலையூர் ஆம்புலன்ஸ் அறையைத் தரத்துக்குக் கொண்டுவருவது எப்படி

கேத்தி வேறு, கெத்தை வேறு. கேத்தி குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில், மலை ரயில் நின்று போகும் ஊர். கெத்தை மஞ்சூரையும் தாண்டிக் கீழே, குந்தா நீர்மின் திட்டத்தின் மின்நிலையம் இருக்கும் பள்ளம். எழுதிக் காட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். ஆடி மழையில், பாதி சிக்னலில், ஓடி வந்து மூச்சு வாங்குகிற ஒருவர் போனில் சொன்னபோது எனக்குத் தெரியவில்லை. "கேத்தியா?" என்று கேட்டேன். "ஆமாங்க, ஆமாங்க" என்றார். வண்டி கேத்திப் பள்ளத்தாக்கில் முக்கால் மணி நேரம் சுற்றியது. கெத்தையில் கால் முறிந்த ஆள் ரோட்டோரம் நனைந்துகொண்டு கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் என் கணக்கில்தான்.

பதினாறு வருடம் கோத்தகிரிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் அறையில் போன் எடுத்தேன். கடைசி ஐந்து வருடம் அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. ஆறு பேர், மூன்று வண்டி, ஒரு ஜன்னல், ஒரு கெட்டில். இப்போது ஓய்வு. சின்ன ஆம்புலன்ஸ் அறை வைத்திருக்கும் அறக்கட்டளைகளும் எஸ்டேட் ஆஸ்பத்திரிகளும் கூப்பிட்டால் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன். 108 இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். 108 தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இருப்பவர் தனக்குப் பழகிய ஆஸ்பத்திரி நம்பருக்குத்தான் முதலில் அடிப்பார். அடிக்கிறவர் சரியான நம்பரா என்று பார்த்துவிட்டு நெஞ்சு வலிப்பதில்லை. எந்த மேசையில் மணி அடிக்கிறதோ அந்த மேசை தரமாக இருக்க வேண்டும்.

போகிற இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, அந்த அக்ரெடிடேஷன் வாங்க எவ்வளவு ஆகும்?" அதைக் கடைசியில் பார்ப்போம்.

மூன்று சொற்களை முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். தரம் என்பது எழுதி வைத்த அளவு: இத்தனை விநாடியில் எடு, இதை முதலில் கேள். சான்றிதழ் ஆளுக்கு. பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, தனி மனிதர் வாங்குவது. அங்கீகாரம், அதாவது அந்த அக்ரெடிடேஷன், அறைக்கு. வெளியாள் ஒருவர் உங்கள் பதிவுகளைக் கேட்டு, தாள்களைப் புரட்டி, இந்த அறை சொன்னபடி நடக்கிறது என்று கையெழுத்துப் போடுவது. உலகத்தில் இந்த வேலைக்கு அதிகம் பேர் பார்ப்பது ஐ.ஏ.இ.டி என்ற பன்னாட்டு அகாடமியை. அவர்களுடைய அங்கீகாரத்துக்கு இருபது அம்சம் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆளுக்கான சான்றிதழ் இரண்டு வருடம்; அதற்குள் 24 மணி நேரம் தொடர்பயிற்சி காட்டியாக வேண்டும். இதன் ஆரம்பம் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி. அங்கே தீயணைப்புத் துறையோடு வேலை பார்த்த ஜெஃப் கிளாசன் என்ற டாக்டர், 1970களின் கடைசியில், போன் எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளை அட்டைகளில் எழுதி வைத்தார். அவ்வளவுதான் அதன் மூலம்: அட்டைகள்.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு, நான் எல்லா வகுப்பிலும் சொல்வது. 1935 நவம்பர் 10, லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்தது. எதிரே இருந்தவர் தீயணைப்புக்குப் போன் போட்டார். எக்ஸ்சேஞ்சில் அவரை வரிசையில் காக்க வைத்துவிட்டார்கள். ஐந்து பெண்கள் இறந்தார்கள். அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், விசாரணை வந்தது, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் பிறந்தது. உலகத்தில் இப்படிப்பட்ட எண்களில் அதுதான் முதல்.

சரி, வேலைக்கு வருவோம். கோப்பில் இருந்து தொடங்காதீர்கள். கடிகாரத்தில் இருந்து தொடங்குங்கள்.

அமெரிக்காவில் 911 அவசர எண்ணுக்கான சங்கமான நீனா வைத்திருக்கும் அளவு இது: வரும் அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறை 15 விநாடிக்குள் எடுக்க வேண்டும், தொண்ணூற்றைந்தை 20 விநாடிக்குள். நம் நாட்டில் போன் மணி ஒரு சுற்று ஏறத்தாழ 3 விநாடி: டிரிங் டிரிங், பிறகு ஒரு இடைவெளி. ஆக 15 விநாடி என்றால் ஐந்து சுற்று. டீ எடுக்கப் போன ஆள் திரும்பி வருவதற்குள் ஐந்து சுற்று ஓடிவிடும். அதனால்தான் கெட்டிலைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தோம். சிரிப்பார்கள், ஆனால் எங்கள் அறையில் நடந்த முதல் தர மேம்பாடு அதுதான். எடுத்த பிறகு, மிக அவசரமான அழைப்புகளில் 60 விநாடிக்குள் வண்டிக்குத் தகவல் போயிருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுத் தீயணைப்புத் துறையினரின் அளவு. எங்கள் மலையில் வண்டி போய்ச் சேர ஆகும் நேரத்துக்கு நான் யாரிடமும் உறுதி கொடுக்க மாட்டேன். பனிமூட்டம், மரம் விழுவது, சீசன் நெரிசல், எதுவும் என் கையில் இல்லை. அந்த முதல் நிமிடம் மட்டும் என் கையில் இருக்கிறது.

கடிகாரத்தில் இன்னொரு வம்பு. சுவர்க் கடிகாரம் ஒரு நேரம், கணினி ஒரு நேரம், டிரைவர் கையில் இருக்கும் வாட்ச் இன்னொரு நேரம். எங்கள் பழைய பதிவேட்டில் ஒரு வண்டி 2.14க்குக் கிளம்பி 2.11க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெளியாள் வந்து பார்த்தால் அங்கேயே எழுந்து போய்விடுவார். எல்லா நேரத்தையும் செல்போன் நேரத்துக்குப் பொருத்துங்கள், வாரம் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பதிய வேண்டிய நேரங்கள்: மணி அடித்தது, எடுத்தது, இடம் உறுதியானது, வண்டிக்குச் சொன்னது, சக்கரம் உருண்டது, போய்ச் சேர்ந்தது. ஆறும் இருந்தால்தான் எங்கே தாமதம் என்று தெரியும்.

இடம்

இதில்தான் மலைக்காரர்கள் அதிகம் உழைக்க வேண்டும். சமவெளி அறைகளுக்காக எழுதிய தாளில் "முகவரி என்ன?" என்று ஒரு வரி இருக்கும். இங்கே கதவு எண்ணை யார் பார்க்கிறார்கள்?

முதல் விதி, கெத்தைக்குப் பிறகு நான் சிவப்பு மையில் எழுதி ஒட்டியது: நீங்கள் காதில் வாங்கியதைத் திருப்பிச் சொல்லி "சரியா?" என்று கேட்காதீர்கள். பதறிப்போயிருக்கும் ஆள் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பார். "இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று அவர் வாயாலேயே மறுபடி வரவையுங்கள். இரண்டு முறையும் ஒன்றாக இருந்தால்தான் எழுதியது எழுத்து. இது என் கண்டுபிடிப்பு இல்லை, அந்த அகாடமி அட்டைகளிலும் இதேதான். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது, உங்கள் வட்டாரத்தில் காது ஏமாறும் ஊர்களைப் பட்டியல் போடுங்கள். எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. கேத்தி, கெத்தை. சோலூர் ஊட்டிப் பக்கம், சோலூர்மட்டம் கோத்தகிரிப் பக்கம். பாலாடா என்றால் கேத்தி பாலாடாவா, முத்தோரை பாலாடாவா? கோத்தகிரியா, கீழ் கோத்தகிரியா? பட்டியலில் இருக்கும் பெயர் ஒன்று காதில் விழுந்தால் உடனே அடுத்த கேள்வி: "எந்த ஊர்ல இருந்து பஸ் வரும் உங்களுக்கு?" ஊர்ப் பெயரில் குழம்புகிறவர் பஸ்ஸில் குழம்ப மாட்டார்.

எஸ்டேட் என்றால் எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் என்ற வரிசையில் கேளுங்கள். கொழுந்து எடுக்கிற இடத்தில் விபத்து என்றால் ஃபீல்டு நம்பர். அது மேஸ்திரிக்குத் தெரியும், போன் பேசுகிற பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், "பக்கத்துல மேஸ்திரி இருக்காரா? போனை அவர்கிட்ட குடுங்க" என்று வாங்குங்கள். அப்புறம் யாரும் கேட்காத கேள்வி: கேட் பூட்டியிருக்குமா, சாவி யாரிடம்? ராத்திரி இரண்டு மணிக்கு எஸ்டேட் கேட்டில் நின்று ஹாரன் அடித்த டிரைவரைக் கேளுங்கள், இந்தக் கேள்வியின் அருமையைச் சொல்வார்.

மலைப்பாதையில் விபத்து என்றால் வளைவு எண். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டிப் பாதையில் 36. பலகையில் எண் இருக்கும். ஆனால் சுற்றுலா வந்தவருக்குத் தான் எந்த மலைப்பாதையில் இருக்கிறோம் என்றே தெரியாது. "பத்தாவது வளைவு" இரண்டு பாதையிலும் இருக்கிறது. அதனால் பாதை முதலில், எண் பிறகு: "கடைசியா எந்த ஊரைத் தாண்டினீங்க? ஏறிட்டு இருந்தீங்களா, இறங்கிட்டு இருந்தீங்களா?" வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பச் சொல்லலாம், நல்லதுதான். ஆனால் நம்பி உட்காரக் கூடாது. பள்ளத்தாக்கில் அந்தப் புள்ளி எதிர்மலைக்குத் தாவிவிடும். காகம் பறந்தால் அரை கிலோமீட்டர், ரோட்டில் சுற்றினால் பத்துப் பன்னிரண்டு.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அறை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எல்லையில் செல்போன் கேரளத்து டவரைப் பிடித்துக்கொண்டால் 108 அடித்தாலும் அந்தப் பக்கத்து அறைக்குப் போய்விடும். அங்கே எடுப்பவர் மலையாளத்தில் கேட்பார், இவர் தமிழில் அழுவார். அதனால் அக்கம்பக்கத்து அறைகளின் முழு எண்களையும் வாங்கி ஒரு பக்கம் தயார் செய்யுங்கள், உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுத்து வையுங்கள். அழைப்பை மாற்றிவிடும்போது "வச்சிட்டு அந்த நம்பருக்கு அடிங்க" என்று சொல்லக் கூடாது. மறுபக்கம் எடுத்து, இடத்தை வாங்கி, "சரி, பார்த்துக்கிறோம்" என்கிற வரை நீங்களும் லைனில் இருக்க வேண்டும். இதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று எந்த அங்கீகார ஆய்விலும் கேட்பார்கள்.

கேள்வி

வரிசை எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இடம், திரும்ப அழைக்கப் போன் எண், என்ன நடந்தது, வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. பெயரைக் கடைசியில் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். ரோட்டு விபத்தைப் பார்த்துப் போன் செய்கிறவருக்குப் போலீஸ், கோர்ட் என்று பயம் இருக்கும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. இதை நமக்குத் தெரிந்த குரலில் ஒரே வரியில் சொன்னால் போதும், அவர் லைனில் நிற்பார்.

இந்தக் கேள்விகளை எழுதி வைக்கும் தாளை மொழிபெயர்த்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். தாளில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும், சொந்தச் சொல்லைப் போடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. அதில் எனக்கு முழுச் சம்மதம். அதனால்தான் தாளே பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். "நோயாளி சுயநினைவுடன் உள்ளாரா?" என்று ஒரு தாளில் பார்த்தேன். மாமியார் கீழே விழுந்து கிடக்கும்போது எந்த மருமகள் இதற்குப் பதில் சொல்வாள்?

எங்கள் தாளில் அதிகம் அடித்துத் திருத்திய சொல் "மயக்கம்". தலை சுற்றுவதும் மயக்கம், நினைவில்லாமல் கிடப்பதும் மயக்கம், சாப்பிடாமல் சோர்ந்து உட்கார்ந்திருப்பதும் மயக்கம். "மயக்கமா இருக்கு" என்று அவரே போனில் சொன்னால் உட்கார்ந்து பேசுகிறார் என்று அர்த்தம். "மயங்கிட்டாரு" என்றால் விழுந்துவிட்டார். "மயக்கமா கிடக்குறாங்க" என்றால் தெரியாது, கேட்டாக வேண்டும். "ஜன்னி" என்றால் சிலருக்குக் குளிர்காய்ச்சல், சிலருக்கு வலிப்பு. "ஒரு மாதிரியா இருக்காரு" என்பதற்கு மட்டும் நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

மூச்சுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். "மூச்சு இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்பார்கள். இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் உடம்பு மீனைப் போல வாயைத் திறந்து திறந்து இழுக்கும். பார்க்கிறவருக்கு அது மூச்சு. சிலர் "குறட்டை விட்டுத் தூங்குறாரு" என்றே சொல்லியிருக்கிறார்கள். எனவே கேள்வி இது: "நார்மலா, எப்பவும் மாதிரி மூச்சு விடுறாரா?" தயங்கினால் அடுத்தது: "கையை அவர் வயித்து மேல வைங்க. மேல எழும்பும்போதெல்லாம் 'இப்ப'ன்னு சொல்லுங்க." ஒரு "இப்ப" வரும். காத்திருப்போம். அடுத்த "இப்ப" வர வேண்டிய நேரத்தில் வராது. அந்த அமைதி எப்படி இருக்கும் என்று கேட்டுப் பழகினவருக்குத்தான் தெரியும். இடைவெளி நீண்டால், நினைவும் இல்லை என்றால், நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டியதுதான். நடு நெஞ்சில், இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு நூறில் இருந்து நூற்றிருபது. போனில் நாமும் கூடவே எண்ண வேண்டும்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வண்டி வந்து ஆள் தொடுகிற வரை எண்ண வேண்டும். கோடநாடு மாதிரி தூரம் என்றால் தொண்டை போய்விடும், பக்கத்து நாற்காலிக்காரர் மாற்றி எண்ணலாம். அங்கே அழுத்துகிறவரும் ஆள் மாற வேண்டும், அதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

இடையில் கத்துவார்கள். "கேள்வி கேட்டுட்டே இருக்கியே, வண்டியை அனுப்பு!" என்பார்கள், அதைவிட மோசமாகவும் பேசுவார்கள். வண்டிக்குச் சொல்கிறவர் வேறு, பேசுகிறவர் வேறு என்று அறையைப் பிரித்து வைத்தால் மனச்சாட்சியோடு பதில் சொல்லலாம்: "வண்டி கிளம்பிருச்சுங்க. அவரைக் காப்பாத்த நான் சொல்றதைச் செய்யுங்க." கேட்காவிட்டால் அதே வாக்கியம், அதே குரல், அதே வேகம், மறுபடி. சொல்லை மாற்றினால் வாக்குவாதம் ஆகிவிடும். மாற்றாமல் மூன்று நான்கு முறை சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். பெண் பேசினால் "அம்மா", வயது தெரியாவிட்டால் வெறும் "ங்க" போதும். "சார்" வேண்டாம், எஸ்டேட் லைனில் அது அதிகாரி குரலாகக் கேட்கும்.

வெளிநாட்டு அட்டைகளில் நம் மலைக்கு ஏற்ற கேள்விகள் எல்லாம் கிடைக்காது. யானை அடித்துவிட்டது என்றால் முதலில் கேட்க வேண்டியது காயத்தை இல்லை: "யானை இன்னும் அங்கதான் நிக்குதா?" நின்றால் வனத்துறைக்கு ஒரு அழைப்பு, வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று டிரைவருக்கு ஒரு சொல். காட்டெருமை, கரடி, மலைத்தேனீ எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வரி உண்டு. அப்புறம் மார்கழிக் குளிரில் வரும் அழைப்பு: விடுதி அறையில் நாலு பேர் தங்கியிருந்தார்கள், ஒருவர் எழுந்திருக்கவில்லை, இன்னொருவருக்குத் தலைவலி, வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று போன் செய்கிறவர் சத்தியம் செய்வார். கேளுங்கள்: "ராத்திரி ரூமுக்குள்ள கரி அடுப்பு ஏதாவது வச்சிருந்தாங்களா?" பூட்டிய அறையில் கரிப்புகை எமன். அதில் இருக்கும் விஷவாயுவுக்கு வாசனை இருக்காது. கார்பன் மோனாக்சைடு என்று போனில் விளக்க நேரம் இல்லை. "கதவு ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு எல்லாரையும் வெளிய இழுத்துப் போடுங்க, நீங்களும் உள்ள நிக்காதீங்க." ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை நடத்துகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாளில் சேர்க்காமல் இருக்கவே கூடாது.

இப்படிச் சேர்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. அறைக்கு ஒரு டாக்டர் பொறுப்பேற்க வேண்டும். தாளில் ஒரு சொல் மாறினாலும் அவர் கையெழுத்து, தேதி, பதிப்பு எண். பழைய தாளைக் கிழித்துப் போடாமல் கோப்பில் வையுங்கள். போன் எடுக்கிறவர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்தால் அது தாள் இல்லை, பழக்கம்.

பதிவு கேட்பது

இதைச் செய்யாத அறை தரமான அறை என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், ஏனென்றால் தன் குரலைத் தானே கேட்பது அவ்வளவு சங்கடம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், கதவை மூடிக்கொண்டு உட்காருங்கள். கேட்கும் அழைப்புகளைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பிரச்சினையான அழைப்பை மட்டும் எடுத்தால் அது விசாரணை ஆகிவிடும், நன்றாகப் பேசியதை மட்டும் எடுத்தால் பாராட்டு விழா. எதிரில் ஒரே தாள்: இடத்தை இரண்டு முறை வாங்கினாரா, வரிசை மாறியதா, தாளில் இருப்பதை அப்படியே கேட்டாரா, சொல்லிக் கொடுத்தாரா, வண்டி வரும் வரை இருந்தாரா. மதிப்பெண் போட்டு, அவரிடமே காட்டி, அவர் சொல்வதையும் எழுதுங்கள். பொறுப்பில் இருப்பவரின் அழைப்பும் குலுக்கலில் இருக்க வேண்டும். என்னுடையது வந்த வாரம் அறையே விழாக்கோலம் பூண்டது.

இந்தப் பதிவுகள் யாருடைய வீட்டுத் துக்கமோ, ஞாபகம் இருக்கட்டும். பெயரும் எண்ணும் வருகிற இடத்தை அடக்கிவிட்டுத்தான் பயிற்சிக்குப் போட வேண்டும். யார் கேட்கலாம், எத்தனை நாள் வைத்திருப்போம், எப்போது அழிப்போம் என்று எழுதி வையுங்கள். 2023இல் தனிநபர் தரவுக்குச் சட்டமே வந்துவிட்டது. செல்போனில் பதிவு செய்து குடும்பக் குழுவில் போடுகிற ஆளை அன்றே வெளியே அனுப்பிவிடுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரண்ட்: யூ.பி.எஸ், ஜெனரேட்டர், டீசல் மூன்றும் இருந்தால் போதாது, மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மலைக்காரர்கள் மறக்கவில்லை. அந்த மாதிரி நாளில் அறையே இருளில் போனால் எங்கே மாறி உட்காருவது என்று முன்பே இடம் பார்த்து வையுங்கள், இரண்டு வேறு கம்பெனி சிம் வையுங்கள். மாவட்டப் பேரிடர் அறையின் 1077, தீயணைப்பின் 101, நாடு முழுக்கவுமான 112, வனத்துறை ரேஞ்ச் அலுவலகம், மின்வாரியம் எல்லாம் சுவரில் இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள். பேசாத அழைப்பைத் துண்டிக்காதீர்கள், திரும்ப அடியுங்கள். மொழி: படுகு பேசும் ஒருவர், மலையாளம் தெரிந்த ஒருவர், இந்தி சமாளிக்கும் ஒருவர், எந்த ஷிஃப்டில் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். குழந்தை இறந்த அழைப்பை எடுத்தவரை அடுத்த மணியை எடுக்கவிடாதீர்கள். வெளியே கூட்டிப்போங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், மறுநாள் கேளுங்கள். இதுவும் தரத்தில் சேர்ந்ததுதான், எழுத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பிஸியான நாளில் மறந்துபோகும்.

இப்போது அந்த முதல் கேள்வி. நாங்கள் அங்கீகாரம் வாங்கவில்லை. எங்கள் அளவுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது என்று நிர்வாகம் சொன்னது, அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த இருபது அம்சத்தையும் ஒரு நீளத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்று நிரப்பினோம். "செய்கிறோம்" என்று எழுதக் கூடாது. எந்த அலமாரி, எந்தக் கோப்பு, எந்தத் தேதி என்று எழுத வேண்டும். முதல் வருடம் பாதிக்கு மேல் காலி. பிறகு அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களைக் கூப்பிட்டு எங்களைச் சோதிக்கச் சொன்னோம், நாங்கள் போய் அவர்களைச் சோதித்தோம். உறவுக்காரர் மாதிரி பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம், அப்படியும் முதல் தடவை பிரியாணிதான் பெரிதாக இருந்தது. இரண்டாவது தடவையில் இருந்து சண்டை வந்தது, அப்போதுதான் உருப்பட்டோம். பணம் இருக்கிற பெரிய மருத்துவமனை என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். அப்படியே விண்ணப்பித்தாலும் ஒரு வருடப் பதிவுகளைக் கேட்டு முடித்த பிறகு செய்யுங்கள்.

என் கடைசி வருடத்தில் கூடலூரில் இருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள், இருபத்துமூன்று வயது. அவள் அழைப்பு ஒன்று குலுக்கலில் வந்தது. "அம்மா மயக்கமா கிடக்குறாங்க" என்று ஒரு பையன் அழுகிறான். தாளில் இருக்கிறபடி "முழிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். "கண்ணு திறந்திருக்குக்கா" என்றான். தாளின்படி அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை. "கூப்பிட்டுப் பாரு தம்பி, பதில் சொல்றாங்களா?" என்றாள். சொல்லவில்லை. அங்கிருந்து எல்லாம் வேறு மாதிரி போயிற்று, வண்டியும் வேறு வேகத்தில் போயிற்று. தாளில் இல்லாததைக் கேட்டதற்கு மதிப்பெண் குறைத்தேன். "கண்ணு திறந்திருந்தா முழிச்சிருக்குன்னு அர்த்தமாக்கா?" என்றாள். பதிவை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோய், "முழிச்சிருக்காங்களா?" என்பதற்குக் கீழே "கூப்பிட்டா பதில் சொல்றாங்களா?" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கினேன். எட்டாம் பதிப்பு. மதிப்பெண்ணை மாற்றவில்லை, அன்றைக்கு இருந்தது ஏழாம் பதிப்புதானே. அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக அவள் இன்னும் என்னோடு சண்டை போடுகிறாள்.